தெளிக்காத வயல்

பரீட்சை வருகிறது என்பது என்னைவிட முன்னதாக என் வயிற்றுக்குத் தெரிந்துவிடும். அறிவிப்புப் பலகையில் தேதி ஒட்டுவதற்கு முந்தின நாளே கலக்க ஆரம்பித்துவிடும். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அப்படித்தான். முப்பத்திரண்டு வயதில், ஏழு வயதுப் பெண்ணுக்குத் தாயான பிறகு, தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. நுண்ணுயிரியல் சேர்ந்தபோது, இந்த வயிறு இனிமேலாவது பெரிய மனுஷியாக நடந்துகொள்ளும் என்று நம்பினேன். எங்கே! சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட கையோடு, "பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று கேட்டவள் நான்.

இரண்டு வருஷப் படிப்பு. அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்பதுதான் வீட்டில் பேசிய பேச்சு. மச்சான், அதாவது என் வீட்டுக்காரர், வளைகுடாவில் ஒரு குடோனில் மேற்பார்வை வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நாற்பது நாள் லீவில் நாகூருக்கு வருவார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நாங்கள் ஒரே வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருஷம் தேறாது. அவர்தான் சொன்னார்: "ரெண்டு வருஷத்துல ஃபேமிலி விசா எடுத்துடுவேன். அது வரைக்கும் சும்மா உக்காந்து கவலப்பட்டுக்கிட்டு இருக்காதே. படி. டிகிரியோட வந்தா இங்க ஆஸ்பத்திரி லேப்ல வேலை கெடைக்கும்."

மாமியார் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். "புள்ளையை ரெண்டு வருஷம் நான் பாத்துக்கிறேன். அதுக்கு மேல என் முட்டி தாங்காது, இப்பவே சொல்லிட்டேன்" என்றார். ஆக, இரண்டு வருஷத்தில் முடித்தால் பட்டம், விமானம், மச்சான். முடிக்காவிட்டால் பாதிப் படிப்போடு விமானம் ஏற வேண்டும். அங்கிருந்து திரும்பி வந்து யார் அரியர் எழுதுவது? பட்டம் அவ்வளவுதான். இந்தக் கணக்கைத் தினமும் காலை ரயிலில் நாகூரிலிருந்து தஞ்சாவூர் வரை மனசுக்குள் போட்டுக்கொண்டே போவேன். சாயங்காலம் அதையே திருப்பிப் போட்டுக்கொண்டு வருவேன்.

வகுப்பில் எல்லாருக்கும் இருபத்தொன்று, இருபத்திரண்டு. எல்லாருக்கும் நான் அக்கா. என் ஆய்வுக்கு வழிகாட்டியாகப் போட்டிருந்த மேடத்துக்கே இருபத்தெட்டுதான் இருக்கும். அப்போதுதான் பிஎச்.டி. முடித்து, வருஷா வருஷம் புதுப்பிக்கிற தற்காலிக வேலையில் சேர்ந்திருந்தார். பிறர் முன்னால் "நீங்க" என்பார்; அவசரத்தில் அவர் வாயிலும் "அக்கா"தான் வரும். நான் விடாமல் மேடம் என்பேன். இரண்டு பேருக்குமே அது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

ஆய்வகத்தில் எனக்குப் பயப்படாத பொருளே கிடையாது. எங்கள் வீட்டு குக்கர் விசிலுக்கே பத்தடி தள்ளி நிற்பவள், ஆள் இடுப்பளவு உயர ஆட்டோகிளேவ் பக்கத்தில் நின்று அழுத்தம் பார்க்க வேண்டும் என்றால் எப்படி? பாக்டீரியா வளர்க்கிற ஊடகத்தைச் சூட்டோடு கண்ணாடித் தட்டில் ஊற்றும்போது கொட்டிவிடுவேனோ என்று பயம். அதனால் பிஸ்மி சொல்லித்தான் ஊற்றுவேன். பக்கத்து மேசைப் பெண்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். "அக்கா, ஓதுங்க, வேணாம்னு சொல்லலை. ஓதி முடிச்சு ஊதிடாதீங்க, கன்டாமினேஷன் ஆயிடும்!" என்று ஒருத்தி சொல்ல, ஆய்வகமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனாலும் மறுநாள் முதல் வாயை இறுக்க மூடிக்கொண்டு மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். ஊதியிருக்கவும் கூடும், யார் கண்டது!

இப்படியே மூன்று செமஸ்டர் அரியர் இல்லாமல் தாண்டிவிட்டேன். நடுவில் ஒன்று நடந்தது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

மாமிக்கு, அதாவது மாமியாருக்கு, சர்க்கரை உண்டு. இரண்டாம் வருஷம் ஐப்பசி மாதம், நாகப்பட்டினத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு வெறும் வயிற்றில் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். முடிவில் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். நாலாம் நாள் காலை அடுப்படியில் மாமி அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். வேர்த்து விறுவிறுத்து, கை சில்லிட்டு, என்னைப் பார்த்து யாரோ மாதிரி முழித்தார். என் மகள் "பாட்டிமா, பாட்டிமா" என்று கத்துகிறாள். சீனியைக் கரைத்து வாயில் ஊற்றினேன். கால் மணி நேரத்தில் தெளிந்தார். சர்க்கரை ஏறி வந்த மயக்கம் இல்லை அது. இறங்கி வந்த மயக்கம்.

பிறகு மெதுவாகக் கேட்டேன். "மாமி, ரத்தம் குடுக்கிறதுக்கு முன்னாடி எதுவும் சாப்பிடலைதானே?"

"சாப்பிடலையே. அந்தப் பொண்ணும் சாப்பிட்டீங்களான்னு கேட்டுச்சு. இல்லைன்னுதான் சொன்னேன்."

"வாயில ஒண்ணுமே வைக்கலையா?"

"ரெண்டு இடியாப்பம் பசியாறினேன். அதுவும் சாப்பாடும் ஒண்ணா?"

எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் காலையில் பசியாறுவோம், மத்தியானம்தான் சாப்பிடுவோம். சாப்பாடு என்றால் சோறு. ரத்தம் எடுத்த பெண் வெளியூர்க்காரி. அவளுக்கு இது எப்படித் தெரியும்? ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த கோபம் மாமி மேல்தான். பயம் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். "நல்லாத் தமிழ் பேசத் தெரியாதா மாமி? ஒரு வார்த்தையை ஒழுங்காச் சொல்ல முடியலையா? ஒரு வார்த்தையில உசுரே போயிருக்கும்!" என்று கத்திவிட்டேன். மாமி முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார். நான் படித்தவள் இல்லையா, மன்னிப்பும் கேட்கவில்லை.

மார்கழியில் என் ஆய்வு தொடங்கியது. நெற்பயிரின் வேரை ஒட்டியிருக்கிற மண்ணில் சில பாக்டீரியாக்கள் உண்டு. மண்ணில் கட்டுண்டு கிடக்கிற பாஸ்பரஸைக் கரைத்துப் பயிருக்குக் கொடுப்பவை. பூச்சிமருந்து பட்ட வயலில் அவை எத்தனை, மருந்தே படாத வயலில் எத்தனை என்று எண்ணி ஒப்பிட வேண்டும். அவ்வளவுதான் ஆய்வு. படிவத்தில் இரண்டு கட்டம்: தெளித்தது, தெளிக்காதது.

ரயில் பாதையை ஒட்டியே இருக்கட்டும் என்று கொரடாச்சேரியில் இறங்கினேன். சம்பாப் பயிர் இடுப்பளவு நின்றது. முதல் வயலில் கேட்கவே தேவைப்படவில்லை. ஒருவர் முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு, மூக்கில் துண்டைச் சுற்றிக்கொண்டு, புஸ் புஸ் என்று அடித்துக்கொண்டிருந்தார். கேட்டிருந்தால் அவர் வாயால் ஒரு வார்த்தை வந்திருக்கும், நானும் பிழைத்திருப்பேன். கேட்கவில்லை.

அங்கே எடுத்த மண் பையில் தெளித்தது என்று எழுதிக்கொண்டு நடந்தேன். அரை மைல் தள்ளி இரண்டாவது வயல். வரப்பில் அறுபது வயதுக்காரர் ஒருவர் மண்வெட்டியால் மடையைச் சரிசெய்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லி, மண் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"தாராளமா எடுத்துக்கம்மா. மண்ணுதானே."

"ஐயா, இந்த வயல் தெளிச்சதா?"

அவர் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார். "தெளிக்கிறதா? நம்ம வயல்லயா? இன்னிக்கி வரைக்கும் தெளிச்சதே கெடையாதும்மா. எல்லாம் நடவுதான்."

எனக்கு ஒரே சந்தோஷம். இத்தனை அழுத்தமாகச் சொல்கிறாரே, பெரிய இயற்கை விவசாயிபோல் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். "எல்லாம் நடவுதான்" என்று ஏன் சொன்னார் என்று ஒரு நொடி, ஒரே ஒரு நொடி யோசித்திருக்கலாம். எங்கள் வாப்பாவுக்கு ஜவுளிக்கடை. மூன்று பக்கம் வயலும் ஒரு பக்கம் கடலும் இருக்கிற பக்கத்தில் பிறந்து வளர்ந்தும், அரிசி எனக்கு மூட்டையாகத்தான் தெரியும். புர்காவை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். "பாத்தும்மா, வழுக்கும்" என்று அவர் கை கொடுத்தார். வேரோடு பிடுங்கி, உதறி, ஒட்டியிருந்த மண்ணைப் பையில் போட்டு, மேலே எழுதினேன்: தெளிக்காதது.

பிறகு நடந்தது என் பொறுமைக்கு வந்த சோதனை. மண்ணைக் கரைத்து ஊற்றிய தட்டுகளில் பாக்டீரியா முளைத்து, ஒவ்வொன்றையும் சுற்றி, பாஸ்பரஸ் கரைந்த இடத்தில், தெளிந்த வளையம் விழும். அந்த வளையங்களைத்தான் எண்ண வேண்டும். எண்ணினால் இரண்டு மண்ணிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை. மறுபடி செய்தேன். அதே. மருந்து படாத மண்ணில் கூடுதலாக இருக்க வேண்டும் என்றுதான் படித்த கட்டுரைகள் எல்லாம் சொல்லின.

மேடம் தட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அக்கா, கன்ட்ரோல் மண்ணு, அந்தத் தெளிக்காத மண்ணு, சரியாத்தான் எடுத்தீங்களா?"

"நானே இறங்கி எடுத்தேன் மேடம். அவரையே கேட்டேன். ஜென்மத்துக்கும் தெளிச்சதில்லைன்னார். நான் என்ன பொய்யா சொல்றேன்?" வெடுக்கென்று விழுந்தேன். பாவம், அவர் முகம் சுருங்கிவிட்டது.

என் கைமேல்தான் எனக்குச் சந்தேகம். தை போனது, மாசி போனது. ஐந்து முறை செய்தேன். ரயிலில் போகும்போதே, பிப்பெட்டைத் துடைத்தேனா, தட்டை மாற்றி எழுதிவிட்டேனா, நிஜமாகவே ஊதித்தான் தொலைத்தேனா என்று ஓடும். சாப்பாடு இறங்கவில்லை. கழுத்துச் சங்கிலி தொளதொளவென்று ஆனது. மாமி பார்த்துவிட்டு, "படிப்பு படிக்கிறியா, படிப்பு உன்னயப் படிக்குதா?" என்றார்.

அதற்குள் விசா வந்துவிட்டது. எனக்கும் மகளுக்கும் ஜூன் மாதத்துக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. ஆய்வேட்டை ஏப்ரல் கடைசிக்குள் கொடுத்தால்தான் மே மாதம் வாய்மொழித் தேர்வு. மேடம்தான் ஒரு வழி சொன்னார். "வந்த ரிசல்ட்டை வந்தபடியே எழுதிடலாம். இந்த மருந்து, இந்த மண்ணுல, இந்த பாக்டீரியாவைப் பாதிக்கலைன்னு எழுதலாம். அதுவும் ஒரு கண்டுபிடிப்புதானே? கருத்தரங்குக்கும் அனுப்பலாம்." அப்படியே எழுதினோம். தொண்ணூறு பக்கம். நீல அட்டை, பொன் எழுத்து, நாலு பிரதி. கையில் வாங்கியதும் அட்டையில் இருந்த என் பெயரைத் தடவிப் பார்த்தேன். பொய் சொல்லுவானேன், அழுதேன்.

ஒப்படைக்கிற கடைசி நாள். நாலு பிரதியையும் துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் உட்கார்ந்திருந்தேன். திருவாரூரில் இரண்டு பேர் ஏறி எதிரில் உட்கார்ந்தார்கள். வெள்ளை வேட்டி, கையில் ஏதோ கூட்டத்துக்குப் போகிற மாதிரி கோப்பு.

"குறுவைக்கு நடவா, தெளிப்பா?" என்றார் ஒருவர்.

"நடவுக்கு ஆளு எங்க இருக்கு? தெளிச்சு விட்டுற வேண்டியதுதான். போன சம்பாவே தெளிச்சதுதான்."

"நான் தெளிக்க மாட்டேம்ப்பா. களை மண்டிப் போயிடும். எனக்கு எப்பவும் நடவுதான்."

எனக்கு நடவுதான். எல்லாம் நடவுதான். கொரடாச்சேரி வரப்பில் அந்தப் பெரியவர் சொன்ன அதே வார்த்தை. வயிற்றில் கலக்கல் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. வயிறே இல்லாத மாதிரி இருந்தது. எப்படியோ வாயைத் திறந்தேன்.

"ஐயா, தெளிக்கிறதுன்னா என்னங்க?"

"வெதை தெளிக்கிறதும்மா. நாத்து விட்டுப் பறிச்சு நடாம, வெதையவே நேரா வயல்ல வீசி விடுறது."

"பூச்சிமருந்து தெளிக்கிறது இல்லையா?"

"அது மருந்து அடிக்கிறதும்மா. மருந்தை யாரு தெளிப்பா? டப்பாவுலதான் அப்படி எழுதியிருப்பான்." இருவரும் சிரித்தார்கள். ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று நிறுத்தி, "என்னம்மா, மயக்கமா? தண்ணி வேணுமா?" என்றார்.

அல்லாவே! நான் கேட்டது மருந்தை. அவர் சொன்னது விதையை. மூன்று மாதம் தட்டைக் குறை சொன்னேன், பிப்பெட்டைக் குறை சொன்னேன், என் கையைக் குறை சொன்னேன். குற்றம் நாக்கில் இருந்தது.

கொரடாச்சேரியில் வண்டி நின்றபோது நான் இறங்கிவிட்டேன். யோசித்து இறங்கவில்லை. இன்னும் ஒரு சிறு நம்பிக்கை இருந்தது: அந்த மனிதர் நிஜமாகவே மருந்து அடிக்காதவராகவும் இருக்கலாம் அல்லவா? யா அல்லாஹ், அப்படி இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டே வெயிலில் நடந்தேன். வயல்களில் உளுந்து எடுத்து முடித்து, தரை வெடித்துக் கிடந்தது. பை தோளை அறுத்தது. அவர் சாலையோர டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்.

"மண்ணு அள்ளிக்கிட்டுப் போன பொண்ணுதானே? வாம்மா, வா. என்ன, நம்ம மண்ணுல தங்கம் கெடைச்சுதா?"

"ஐயா, அன்னைக்கு நான் எடுத்த வயல்ல மருந்து அடிச்சிருந்தீங்களா?"

"பின்னே, அடிக்காம? ரெண்டு வாட்டி அடிச்சேன். மொதல்ல குருத்துப்பூச்சிக்கு. அப்புறம் எலை சுருண்டுச்சு, அதுக்கு ஒரு வாட்டி. நீ வந்ததுக்கு நாலு நாளு முன்னாடிதான் அடிச்சு முடிச்சது."

"தெளிக்கலைன்னு சொன்னீங்களே ஐயா."

"ஆமா, தெளிக்கலை. நட்டது." குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். "நீ அதைத்தானேம்மா கேட்டே?"

அதைத்தான் கேட்டேன். அவர் மேல் ஒரு சொட்டுத் தப்பில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். குடிக்க முடியவில்லை. அடுத்த பேருந்தைப் பிடித்தேன்.

தஞ்சாவூர் போய்ச் சேரும் வரை எனக்குள் இரண்டு பேர் சண்டை போட்டார்கள். ஒருத்தி சொன்னாள்: "யாருக்கடி தெரியப்போகுது? நீ கேட்டது உண்மை, அவர் சொன்னதும் உண்மை. படிவத்தில் தெளிக்காததுன்னு இருக்கு. கொடுத்துட்டுப் போய்க்கிட்டே இரு. மச்சானைப் பாரு, பிள்ளைக்கு வாப்பாவைக் காட்டு." இன்னொருத்தி அடுப்படியில் வேர்த்துப் போய் உட்கார்ந்திருந்த மாமியைத்தான் காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு தப்பான பதில் ஒரு தாளில் எண்ணாக ஏறி, அந்த எண் ஒரு மாத்திரையாக மாறி, அந்த மாத்திரை என் வீட்டு அடுப்படியில் ஒரு உயிரைச் சாய்த்தது. மருந்து அடித்தாலும் மண்ணுக்கு ஒன்றும் ஆகாது என்று என் பெயரைப் போட்டுத் தொண்ணூறு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். அதை யார் படித்து எங்கே போய் என்ன செய்வார்களோ? ஒருவரும் படிக்காமலும் போகலாம். பெரும்பாலும் படிக்க மாட்டார்கள்தான். ஆனாலும் இந்தக் காட்சி போக மாட்டேன் என்றது.

மேடம் என்னைப் பார்த்ததும், "எங்க அக்கா போனீங்க? நாலு மணியோட கவுன்டர் மூடிடுவாங்க" என்று பையை வாங்க வந்தார். நான் கொடுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"இதை நீங்க என்கிட்ட சொல்லாம இருந்திருக்கலாம் அக்கா" என்றார்.

"தெரியும் மேடம்."

"இப்ப மண்ணு எடுக்கலாம்னாலும் வயல்ல பயிரு இல்லை. அடுத்த சம்பாதான். டிசம்பர். எட்டு மாசம்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "மணி இன்னும் மூணேகால்தான் ஆகுது. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்களே முடிவு பண்ணுங்க."

அந்த முக்கால் மணி நேரத்தைப் போல ஒன்றை நான் பிரசவ வார்டில்கூடப் பார்த்ததில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வகுப்புப் பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கொடுத்துவிட்டு, "அக்கா, இன்னும் குடுக்கலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு முறை எழுந்தேன். இரண்டு முறையும் கவுன்டர் வரை போனேன். உள்ளே இருந்தவர் கையை நீட்டினார். மூன்றாவது முறை நான் எழுந்திருக்கவில்லை. நாலு மணிக்கு ஷட்டரை இழுத்து மூடினார்கள். அந்தச் சத்தம் கேட்டதும்தான் எனக்கு வயிறு கலக்கியது.

நடைமேடையில் நின்று மச்சானுக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்டார். நான் முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்:

"ஒரு வார்த்தைக்காகவா?"

துணிப்பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டேன். அவரே தொடர்ந்தார்:

"டிக்கெட் போட்டாச்சு. ரூமைச் சொல்லி வச்சாச்சு. புள்ளைக்கு ஸ்கூல் பாத்தாச்சு. யாருக்கும் தெரியாதுன்னு நீயே சொல்றே. பட்டத்தோடயும் வந்திருக்கலாம். இல்ல, பட்டம் வேணாம், அப்படியே வா."

"எட்டு மாசம் மச்சான். முடிச்சுட்டு வந்துடுறேன்."

"விசா எட்டு மாசம் காத்துக்கிட்டு இருக்குமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். இரண்டு நாள் போன் வரவில்லை.

மாமியிடம் சொல்ல இன்னும் பயம். புள்ளையைப் பார்த்துக்கொள்ள இரண்டு வருஷம் என்றுதானே பேச்சு? இரவுச் சோற்றுக்கு முன்னால் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து தெளிப்பு, நடவு, மருந்து என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். முறத்தை நிறுத்தாமல் கேட்டார். முடிந்ததும் கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லாத் தமிழ் பேசத் தெரியாதா? ஒரு வார்த்தையை ஒழுங்காச் சொல்ல முடியலையா?"

நான் கத்திய அதே வார்த்தைகள். ஒன்றைக்கூட அவர் மறக்கவில்லை. அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை, இரண்டும் வந்தது. "மன்னிச்சுக்கங்க மாமி" என்றேன். ஆறு மாதம் தாமதமாகத்தான் அந்த வார்த்தை வாயில் வந்தது.

"உங்க முட்டி?" என்று கேட்டேன்.

"முட்டி எங்க போயிடும்? வலிச்சாலும் இங்கயேதான் கெடக்கும்" என்றார்.

அடுத்த மார்கழியில் நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு வயல் கிடைத்தது. அந்தக் குடும்பத்துப் பெண்மணியிடம் நட்டதா, தெளிச்சதா, மருந்து அடிச்சீங்களா, தூள் போட்டீங்களா, போன வருஷம், அதற்கு முந்தின வருஷம், பக்கத்து வயலில் என்று கேட்டுக்கொண்டே போனேன். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏம்மா, மண்ணு எடுக்க வந்தியா, சம்பந்தம் பேச வந்தியா?" என்றார். அந்த மண்ணை ஊற்றிய தட்டில் மூன்றாம் நாள் தெளிந்த வளையங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. எண்ணி முடிக்க எனக்கு ஒரு காலைப் பொழுது ஆனது.

பட்டம் வந்தது. விசா போய்விட்டது. மறுபடி விண்ணப்பிப்பதற்குள் மச்சானின் கம்பெனியில் குடும்ப விசா கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். இப்போதும் இரண்டு வருஷத்துக்கு நாற்பது நாள்தான். வருத்தம் இல்லையா என்றால், இருக்கிறது. மகள் போனில் வாப்பாவோடு பேசிவிட்டு வைக்கும்போதெல்லாம் இருக்கிறது. அந்த ஷட்டர் மூடும் முன் மூன்றாவது முறை எழுந்திருக்கலாமோ என்று நினைக்காத மாதம் இல்லை.

நாகப்பட்டினத்தில் ஒரு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாமியும் அங்கேதான் ரத்தம் கொடுக்க வருவார். காலையில் அவர் எழுவதற்குள் நான் கிளம்பிவிடுவதால், வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. போன வாரம் வந்து நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். பட்டையைக் கட்டினேன்.

"மாமி, சாப்பிட்டீங்களா?"

"இல்லை."

"பசியாறினீங்களா?"

"இல்லைடி. எனக்குத் தெரியாதா?"

"டீ?"

மாமி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"மாமி."

"ஒரு வாய்தான். தொண்டையை நனைக்க."

பட்டையை அவிழ்த்தேன். "எந்திரிங்க. நாளைக்கு வாங்க."

"வெயில்ல ரெண்டு பஸ்சு மாறி வந்திருக்கேன். ஒரு வாய் டீக்காகவா?"

"ஆமா மாமி" என்றேன். "ஒரு வாய் டீக்காகத்தான்."